தகரக் கூரைக்கும் ராஜா பாட்டுக்கும் எந்த ஹெட்போன்?

"பேஸ் கூடினதா ஒண்ணு குடுங்கண்ணே" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. எங்கே இருந்து கேட்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். பஸ்ஸிலா, மலையிலா, வீட்டிலா? வீடு என்றால் மேலே என்ன கூரை? போன் திருத்துகிற கடைக்காரனுக்குக் கூரையோடு என்ன வேலை என்று சிலர் முழிப்பார்கள். கடை இரத்தினபுரி டவுனில் இருந்தாலும் நான் வளர்ந்தது காவத்தைப் பக்கத்துத் தோட்டத்தில், தகரக் கூரை போட்ட லயத்தில். கூரையைக் கேட்காமல் ஹெட்போன் விற்க எனக்கு மனம் வராது.

வருடத்துக்கு 3500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டுகிற ஊர் இது. அந்த மழை தகரத்தில் இறங்கும்போது ஒரே அறையில் இருக்கிறவர்களே கத்தித்தான் பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆற அமரப் பாட்டுக் கேட்கக் கிடைக்கிற நேரமும் அதுதான். மழை நாளில் இறப்பர் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், இல்லை. வீட்டில் முடங்கிக் கிடக்க வேண்டியதுதான். ஆகவே இங்கே வாங்குகிற ஹெட்போன் ராஜாவுக்குப் பொருந்துமா, ரஹ்மானுக்குப் பொருந்துமா என்று பார்ப்பதற்கு முன்னால் மழைக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைக்கு வருகிற சாமான்களில் ஒன்று, காதுமடலின் பள்ளத்தில் சும்மா தொங்குகிற, இறப்பர் முனை இல்லாத ஹேண்ட்ஸ்ப்ரீ. அடுத்தது, இறப்பர் முனையோடு காதுத் துவாரத்துக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது. பிறகு காது முழுவதையும் மூடுகிற பெரிய ஹெட்போன். அதிலும் பின்பக்கம் மூடியது, திறந்தது என்று இரண்டு உண்டு. தொங்குகிற வகை மழையில் ஒன்றுக்கும் உதவாது. வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். ஆள் வொலியூமைக் கூட்டுவார். மழை இன்னும் வலுக்கும். அவரும் இன்னும் கூட்டுவார். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற பாதுகாப்பு அளவு, 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதி பாதியாகக் குறையும். 90 டெசிபெல்லுக்குப் போனால் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான். மே மாதத்து மழையில் ஒரே பின்னேரத்தில் அது தீர்ந்துவிடும்.

அப்படியானால் நொய்ஸ் கேன்சலிங் உள்ளது வாங்கலாமே என்பார்கள். அமர் போஸ் என்றொரு பேராசிரியர், கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு வங்காளியின் மகன், 1978 இல் சூரிச்சிலிருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலை மீறி எதுவும் கேட்கவில்லை. அந்த இரைச்சலை ரத்துச் செய்வது எப்படி என்று விமானத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது கடைக்கு வரும்போது 1989 ஆகிவிட்டது. வெளியே உள்ள ஒரு மைக் இரைச்சலைப் பிடிக்கும். உள்ளே இருக்கிற சிப் அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கும். இரண்டும் மோதிச் சாகும். விமானம், பஸ், ஜெனரேட்டர் மாதிரி ஒரே சீராக உறுமுகிற தாழ்ந்த சத்தத்துக்கு இது அற்புதம். அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைகளுக்குக் காசு கொடுத்து வாங்கப் பெறுமதியான சாமான். (தனியார் பஸ்ஸில் கண்டக்டர் போடுகிற பாட்டையும் அது பாதியாக்கும் என்பது மேலதிக லாபம்.) ஆனால் மழை ஒரே சீராக உறுமுவதில்லை. ஆயிரக்கணக்கான துளிகள் தனித்தனியாக, கிட்டத்தட்ட எல்லா அலைவரிசையிலும் 'சோ'வென்று விழுகின்றன. மேல் சுருதிகளில் அந்தச் சிப் பின்தங்கிவிடும். அங்கே சத்தத்தைத் தடுப்பது காதை அடைக்கிற இறப்பர் முனைதான். மழைக்கு வேண்டியது நல்ல முனை, நல்ல அடைப்பு. அதற்குப் பெரிய காசு தேவையில்லை.

பேஸ் விஷயமும் இந்த அடைப்பில்தான் இருக்கிறது. காதுக்குள் போகிற ஹேண்ட்ஸ்ப்ரீயில் ஒலி எழுப்புகிற தகடு பத்து மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். இத்தனை சிறிசு தாழ்ந்த ஒலியைத் தருவதற்குக் காரணம், தகட்டுக்கும் செவிப்பறைக்கும் நடுவே காற்று சிறைப்பட்டிருப்பது. ஒரு நூல் அளவு இடைவெளி விழுந்தாலும் ஓட்டைச் சிரட்டையில் பால் நிற்காத மாதிரி பேஸ் ஒழுகிவிடும். 'இதில் பேஸே இல்லை' என்று திருப்பிக் கொண்டுவரப்படும் சாமான்களில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல. முனை அளவுதான் பிழை. பெட்டிக்குள் சிறிசு, நடு, பெரிசு என்று மூன்று சோடி முனை இருக்கும். நடு அளவை மாட்டித்தான் விற்பார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அநேகமாகச் சிறிசு வேண்டும். பாட்டு ஓடும்போது விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் பேஸ் கூடுகிறது, விட்டால் குறைகிறது என்றால் முனையை மாற்ற வேண்டும். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் சரிவரும் என்றும் சொல்ல முடியாது.

பெட்டியில் '20 – 20,000 ஹேர்ட்ஸ்' என்று அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு வருகிற தம்பிமார் இருக்கிறார்கள். மனிதக் காது கேட்கும் எல்லை அது. எந்தச் சாமானிலும் அதையே அச்சடிக்கலாம். அந்த எல்லைக்குள் எது தூக்கலாக வருகிறது, எது அமுங்கி வருகிறது என்பதில்தான் வித்தியாசம்; அதைப் பெட்டி சொல்லாது, உங்கள் பாட்டுத்தான் சொல்லும்.

இனிப் பாட்டுக்கு வரலாம். என் கணக்கில், எந்த வகைப் பாட்டு என்பதைவிட எந்தக் காலத்தில் எப்படிப் பதிவான பாட்டு என்று பார்த்தால் தேர்வு சுலபம். விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகள் மோனோ. இரண்டு காதுக்கும் ஒரே சத்தம்தான். ஹெட்போனில் கேட்டால் சௌந்தரராஜனும் சுசீலாவும் மண்டைக்கு நட்டநடுவில் நின்று பாடுவார்கள். இடம், வலம், அகலம் என்று காசைக் கொட்டி வாங்குகிற பெரிய ஹெட்போன் இதற்கு ஒரு பலனும் தராது. குரல் இருக்கிற நடுப்பகுதி தெளிவாக வந்தால் போதும். பேஸைத் தூக்கிக் கொடுக்கிற சாமான் இந்தப் பாட்டுகளுக்கு எதிரி. அதில் சௌந்தரராஜன் தலையணைக்குள் இருந்து பாடுவது போலாகிவிடும்.

தமிழ்ப் படப் பாட்டு ஸ்டீரியோவில் பதிவாக ஆரம்பித்தது 1978 இல், இளையராஜாவின் 'ப்ரியா'வில். அதற்குப் பிறகு வந்த ராஜா பாட்டுகளைக் கேட்டால், கிட்டார் ஒரு காதில், அதற்குப் பதில் சொல்கிற புல்லாங்குழல் மறு காதில், நடுவில் குரல் என்று இடம் பிரித்து உட்கார வைத்திருப்பது தெரியும். ஸ்கூல் பிள்ளைகள் ஒரு சோடியை ஆளுக்கொரு காதாகப் பங்கு போட்டுக் கேட்பார்களே, அவர்கள் இரண்டு பேரும் கேட்பது வேறு வேறு பாட்டு. கிட்டார் கிடைத்தவருக்குக் குழல் கிடையாது. காதலர்களுக்கு அது பெரிய நட்டமில்லை என்று வைத்துக்கொள்வோம்.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது நட்டம்தான். கொழுந்து மலையிலும் இறப்பர் மலையிலும் யாரும் இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளக் கூடாது. குளவிக் கூடு கலைந்தால் பக்கத்து நிரையில் இருக்கிறவர் போடுகிற சத்தம்தான் உயிரைக் காப்பாற்றும். பாம்பு, பன்றி இருக்கிற இடமும்கூட. அதனால் ஒரு காதில் மட்டும் மாட்டுகிறார்கள். பாட்டில் பாதி பொக்கெட்டுக்குள் தொங்குகிறது. இதற்கு மருந்து போனிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குள் 'மோனோ ஓடியோ' என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து ஒரே காதுக்கு முழுப் பாட்டும் வரும். காது மந்தமானவர்களுக்கு வைத்த வசதி அது. என்னிடம் வருகிற வெட்டுக்காரர்களுக்கு நான் கேட்காமலே போட்டுக் கொடுத்துவிடுவேன். அவர்களுக்குத் தொங்குகிற மலிவு ஹேண்ட்ஸ்ப்ரீயே நல்லது. அடைப்பு இல்லாதது அங்கே குறையில்லை.

இன்னொன்று, ரேடியோ. சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். என்று போனில் கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலான போன்களில் ஹேண்ட்ஸ்ப்ரீ வயர்தான் ஏரியல். வயர் செருகாவிட்டால் எஃப்.எம். வேலை செய்யாது. மலைக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிற தோட்டங்களில் அந்த வயரை நீட்டிப் பிடிப்பதா சுருட்டி வைப்பதா என்பதில்கூட நிலையம் மாறும். மகன் கொழும்பிலிருந்து புளூடூத் பட்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, ரேடியோ போய்விட்டதென்று அப்பா கடைக்கு வந்து நிற்பது எனக்குப் பழகின காட்சி.

ரேடியோவைப் பற்றிப் பேசும்போது என் பாட்டியின் ஞாபகம் வருகிறது. அறிவிப்பாளர் மயில்வாகனனார் காலத்திலிருந்து இலங்கை வானொலி கேட்டு வந்தவர். மத்திய அலையில் வரும்போது பாட்டின் மேல்பகுதியும் அடிப்பகுதியும் வெட்டுப்பட்டு, 5000 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒரு துண்டுதான் பெட்டியை வந்து சேரும். அவர் காதுக்கு அதுதான் பாட்டு. நல்ல ஹெட்போன் ஒன்றில் அவருக்குப் பிடித்த பழைய பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். சற்று நேரம் கேட்டுவிட்டு, "இது வேற யாரோ பாடுறாங்கடா" என்று கழற்றித் தந்தார். ரசனை என்பது நாம் முதலில் கேட்ட கருவி பழக்கிவிட்ட ஒன்று. அவருக்காகப் போன் ஈகுவலைசரில் இரண்டு ஓரத்தையும் இறக்கி, நடுவை விட்டு வைத்தேன். அதன் பிறகு ஒத்துக்கொண்டார். விலை கூடினது நல்லது என்று யாருக்கும் நான் சொல்லாததற்கு அவரும் ஒரு காரணம்.

கர்நாடக சங்கீதமும் நாதஸ்வரமும் கேட்கிறவர்களுக்குத் தேர்வு கொஞ்சம் நுட்பமானது. நம் காதுக்குழாய் சுமார் 3000 ஹேர்ட்ஸில் தானாகவே ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். நாதஸ்வரத்தின் கூர்மை இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான். மேல்சத்தத்தைப் பளபளவென்று காட்டுகிற மலிவு ஹெட்போனில் ஒரு மல்லாரி முடிவதற்குள் காது குத்த ஆரம்பித்துவிடும். கடையில் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு 'என்ன தெளிவு!' என்று மயங்குவது இந்தப் பளபளப்பில்தான். அரை மணித்தியாலம் கழித்துத் தலை வலிக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரியும். மிருதங்கத்துக்கு வேறு தேவை. சாதாரண மேளத் தோலில் எழும் துணை ஒலிகள் ஒன்றுக்கொன்று சேராமல் கலையும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் அப்பிய கறுப்புக் கரணையால்தான் அவை சுருதியோடு சேர்ந்து நிற்கின்றன. இதை 1920 இல் சி.வி. ராமன் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்தச் சுருதி சுத்தம் காதில் விழ வேண்டுமானால் இடப்பக்கமான தொப்பியில் எழும் தாழ்ந்த கும்கி வலந்தலையை அமுக்கிவிடாத ஹெட்போன் வேண்டும். அதாவது பேஸ் ஆழமாக இருக்கலாம், வீங்கி இருக்கக் கூடாது.

பின்பக்கம் திறந்த ஹெட்போன்கள் இந்தச் சங்கீதத்துக்கு அழகு. ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி 1968 இல் எச்.டி. 414 என்ற மாடலில் அதை ஆரம்பித்துவைத்தது. ஒலி மண்டைக்குள் அடைபடாமல் சற்று வெளியே, சபையில் கேட்கிற மாதிரி நிற்கும். ஆனால் உள்ளே வருகிற மழையும் வெளியே போகிற பாட்டும் இரண்டுமே தடையில்லாமல் நடக்கும். லயத்தில் ஒரு சுவர்தானே நடுவே. இராத்திரி ஆலாபனையை அடுத்த காம்பராவும் கேட்கும். தவிர, அந்தக் கம்பெனியின் எச்.டி. 600 மாதிரியான சாமான்கள் 300 ஓம். போனில் செருகினால் முனகத்தான் செய்யும், தனி ஆம்ப் வேண்டும். போனுக்கென்றால் 16 அல்லது 32 ஓம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

தப்பு மேளத்துக்கு எந்த ஹெட்போன் என்று யாரும் கேட்டு வருவதில்லை. ஆனால் மாசி மாதம் காமன் கூத்து முடிந்ததும் பிள்ளைகள் போனில் பிடித்த வீடியோக்களோடு வருவார்கள். எங்கள் ஊர் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். நெருப்பில் சூடு காட்டினால்தான் தப்பு பேசும். சூடேறின தோலில் நீள மெல்லிய குச்சி வெட்டுகிற சத்தமும் குட்டைத் தடித்த குச்சியின் அடியும் கிட்ட நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். போன் மைக் அந்த அடியைத் தாங்காது. சத்தம் எகிறும்போதெல்லாம் போன் தானாகவே அமுக்கிவிடும். அடி எல்லாம் ஒரே தடிப்பாக, முனை மழுங்கிப் பதிவாகும். அப்படிப் போனதை எத்தனை ஆயிரம் ரூபாய் ஹெட்போனாலும் மீட்க முடியாது. பத்துக் கை மாறி வாட்ஸ்அப்பில் வந்த பாட்டுக்கும் இதே கதை. நல்ல ஹெட்போன் வாங்கினால் முதலில் தெரியவருவது உங்கள் பாட்டுகளின் அழுக்குத்தான்.

மனோகரனின் 'சுராங்கனி'யும் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் எந்த ஹெட்போனையும் மன்னிக்கும். கைதட்டும் குரலும் உள்ள நடுப்பகுதிப் பாட்டுகள். இந்த மாதிரிப் பைலாவுக்கு உண்மையில் ஸ்பீக்கரும் நாலு பேரும்தான் வேண்டும். பேஸ் பிரியர்களுக்கு வேண்டியது ரஹ்மானும் அனிருத்தும். 'ரோஜா'வுக்குப் பிறகு, 1992 முதல், கீழே இறங்குகிற பேஸ் தமிழ்ப் பாட்டில் ஒரு தனி வாத்தியம் மாதிரி ஆகிவிட்டது. இங்கே அடைப்பு நன்றாக உள்ள இன்-இயரோ, பின்பக்கம் மூடிய பெரிய ஹெட்போனோ வாங்குங்கள். நம் காது குறைந்த வொலியூமில் பேஸை மட்டம் தட்டிக் கேட்கும் என்பதை ஃப்ளெச்சரும் மன்சனும் 1933 இலேயே அளந்து வைத்துவிட்டார்கள். ஆகவே மெதுவாகக் கேட்கிற பழக்கம் உள்ளவர் கொஞ்சம் பேஸ் தூக்கலானதை வாங்குவது தப்பில்லை. உரக்கக் கேட்கிறவருக்கு அது தேவையே இல்லை. கடையில் நடப்பது தலைகீழ்.

வயரா புளூடூத்தா? பட்ஸில் பட்டரி இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும், நான் திருத்தித் தரவும் முடியாது. வயர் அறுந்தால் திருத்தலாம். 2022 இல் டொலர் ஏறினதிலிருந்து, தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்கினவர்கள்கூடத் திருத்த வருகிறார்கள். 2024 இல் தோட்டத்து அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் ஆனது. இரண்டு மூன்று நாள் பேருக்கு ஒரு நல்ல வயர் ஹேண்ட்ஸ்ப்ரீ எடுக்கலாம். அதே காசுக்குக் கிடைக்கிற பட்ஸில் பெரும்பாலும் பெட்டிதான் அழகு.

வயர் அறுபடுவது பெரும்பாலும் ஜாக்குக்குப் பக்கத்தில், மடிகிற இடத்தில். வெட்டிப் பார்த்தால் தலைமுடி தடிப்பில் செம்புக் கம்பிகள், நடுவே நைலோன் நூல். சிவப்பு வலது காது, பச்சையோ நீலமோ இடது, நிறமில்லாத செம்பு எர்த். ஒவ்வொன்றிலும் வார்னிஷ் பூசியிருக்கும். அதைச் சூட்டில் எரித்தால்தான் ஈயம் பிடிக்கும். சிவப்பு அறுந்தால் வலது காது போகும், அது எல்லோருக்கும் விளங்கும். எர்த் அறுந்தால்தான் வேடிக்கை. "அண்ணே, மியூசிக் வருது, பாடுறவரைக் காணோம்" என்று வருவார்கள். பேய் பிடித்தது போல் இருக்கும். எர்த் இல்லாதபோது இரண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராக மாட்டுப்பட்டு, இரு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். குரல் நடுவில்தானே இருக்கிறது. அது காணாமல் போகும். ஓரத்தில் உள்ள கிட்டாரும் குழலும் மிஞ்சும். உறுதிப்படுத்த ஒரு மோனோ பாட்டைப் போடுவேன். அதில் எல்லாமே பொது என்பதால் எல்லாமே கழிந்து வெறும் அமைதி வரும். விஸ்வநாதன் பாட்டு ஊமையாகி, ராஜா பாட்டு பாடகர் இல்லாமல் ஓடினால் மீட்டர் எடுக்கத் தேவையில்லை, அறுந்தது எர்த்துத்தான்.

வாங்கப் போகும்போதும் இதே இரண்டு பாட்டு போதும். உங்கள் போனையே கொண்டுபோங்கள், கடைக்காரர் போடுகிற பாட்டை நம்பாதீர்கள். பேஸ் அதிர்கிற ஒன்றைத்தான் போடுவார். பழைய மோனோ பாட்டில் குரல் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு ஸ்பீக்கரும் சோடியில்லை. ஸ்டீரியோ பாட்டைப் போட்டுக்கொண்டு ஜாக்கை இப்படியும் அப்படியும் வளையுங்கள். குரல் ஒரு நொடி மறைந்து வந்தாலும் வேண்டாமென்று வையுங்கள். சரியாக இருந்தால் காசைக் கொடுக்கும் முன் பெட்டிக்குள் மற்ற இரண்டு சோடி முனையும் இருக்கிறதா என்று பாருங்கள். சில கடைகளில் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு தனியாக விற்கிறார்கள்.